யாரும் திறக்காத ஒலிக்கோப்புகள்

பேச்சியம்மாள் போன வாரம் கூப்பிட்டபோது நான் மகளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். தென்காசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, புது சாஃப்ட்வேருக்கு மாத்துதோம். பழைய டிக்டேஷன் ஃபைல் மலையா கெடக்கு. எம்பி த்ரீ இருக்கு, டைப் பண்ணதும் இருக்கு. பெறகு இந்த ஒரிஜினல எதுக்குச் சுமக்கணும்? ஒருத்தரும் தொறக்கவே இல்லையே. கேட்டா, எல்லாரும் உங்க பேரத்தான் சொல்லுதாக, முத்துலட்சுமிட்ட கேளுன்னு."

"அழிச்சிராத" என்றேன். அதற்குள் மகள் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டாள். தொண்டையில் ஏதும் சிக்கியிருக்குமோ என்று பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தால் அவள் இன்னும் காத்திருந்தாள். "எழுதித் தாரேன் பேச்சி" என்று சொல்லி வைத்தேன்.

வேலைக்காலத்தைப் பற்றி ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு என்று சொல்ல வயதில்லை, விடுப்பு என்று சொல்லத் திரும்பிப் போகும் நாள் தெரியவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். இன்று மகள் தூங்குகிறாள், மூச்சும் சீராக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் படித்தேன், சென்னையில் கொஞ்ச காலம் இருந்தேன், கல்யாணம் மேலகரத்தில் ஆனது. படித்த படிப்புக்கு ஊரிலேயே ஒரு வேலை கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாடி, அதில் ஏழெட்டு மேஜைகள். சுற்றுவட்டாரத்துச் சில மருத்துவமனைகளின் ஆவணங்களை ஒழுங்காக வைத்துக் கொடுப்பதுதான் தொழில்.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. என் மாமியார் நான் கோப்புகளுக்கு அட்டை போடுவதாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தார். எங்கள் சிஸ்டத்தில் ஓர் ஆவணம் என்பது ஒரே கோப்பு இல்லை. டாக்டர் கையடக்க ரெக்கார்டரில் நோயாளியைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கருவி தனக்கே உரிய ஒரு வகையில் பதிகிறது. அதுதான் ஒரிஜினல். அதை எல்லாக் கணினியிலும் கேட்க முடியாது என்பதால் சிஸ்டம் ஒரு சின்ன எம்பி த்ரீ செய்துகொள்ளும். டைப்பிஸ்ட் அதைக் கேட்டு வேர்டில் அடிப்பார். அதிலிருந்து ஒரு பி.டி.எஃப். நோயாளியின் ஃபோனுக்கு அனுப்ப ஒரு படம். இவ்வளவும் ஒரே எண்ணின் கீழ் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒரிஜினலைத் தவிர மற்றவற்றை ரெண்டிஷன் என்போம். மாற்று வடிவம். எது யாருக்கு, எதை எவ்வளவு காலம் வைப்பது, ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தியதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

எனக்கு மேலே கோமதி மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "ஆயிட்டு மேடம்" என்று யாராவது சொன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆயிட்டா, ஆக்கிட்டியா?" என்பார். சிஸ்டம் பச்சை விளக்கு காட்டியதா, இல்லை நீ திறந்து பார்த்தாயா என்று அர்த்தம். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காருவார். "தொற." நாம் திறக்கும்வரை பேசமாட்டார்.

அவர் மேஜையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய ஃபோன் எப்போதும் சார்ஜில் இருக்கும். அது வந்த கதை இது. நான் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு குறிப்பு போயிற்று, என்னென்ன மாத்திரை எப்போது என்று தமிழில். எங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த பி.டி.எஃப். கடையத்திலிருந்து நோயாளியின் மகள் கூப்பிட்டாள். "எம்மா, கட்டம் கட்டமா வந்திருக்கு. கட்டத்துக்கு ஒரு மாத்திரையா?" எழுத்துரு கோப்புக்குள் சேராததால் அவள் ஃபோனில் எழுத்தே இல்லை, வெறும் பெட்டிகள். மேடம் அன்றே சந்தையில் இருந்ததிலேயே மட்டமான ஒரு பழைய ஃபோனை வாங்கி வந்தார். அதில் திறந்து படிக்க முடியாத எதையும் அனுப்பக்கூடாது. "எப்படிச் செஞ்சேன்னு சொல்லாத. யாரு தொறப்பா, எதுல தொறப்பா, அத சொல்லு" என்பார். அந்தக் கேள்வி இப்போதும் என்னிடம் இருக்கிறது. மகளுக்கு மருந்து டப்பா வாங்கினால்கூட, மாமியாரால் இந்த மூடியைத் திறக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பேச்சி கேட்டதற்கு வருகிறேன்.

எங்களுக்கு வேலை தந்த மருத்துவமனை ஒன்றில் சங்கரலிங்கம் என்று ஒரு டாக்டர் இருந்தார். பொது மருத்துவர். அவர் பேச்சை அடித்தவர் எங்கள் சுடலைமணி அண்ணாச்சி. பல வருடமாக ஒரே குரலைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தவர். டாக்டர் "கமா" என்பார், "ஃபுல் ஸ்டாப்" என்பார், "நெக்ஸ்ட் பாரா" என்பார், நடுவில் இருமுவார், ஃபோன் வந்தால் ரெக்கார்டரை நிறுத்தாமலே பேசுவார். அண்ணாச்சி வீட்டில் மனைவியிடம் பேசும்போதும் கமா போடுவதாகச் சொல்லிச் சிரிப்போம். "நான் அவரு கூடப் பேசுனதே ரெண்டு தடவதான் முத்து. ஆனா இருமுத இருமல வச்சே இன்னைக்கு சட்னியா சாம்பாரான்னு சொல்லிருவேன்" என்பார்.

டாக்டர் திடீரென்று இறந்துபோனார். காலையில் ரவுண்ட்ஸ் போனவர், மதியம் இல்லை.

அந்தச் சமயம் எனக்கு மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். உடம்பு மேஜையிலும் காது ஃபோனிலும் இருந்த காலம். அப்போதுதான் அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. இடம் நிரம்பிவிட்டது, ரெக்கார்டரின் ஒரிஜினல் ஒலிக்கோப்புகளை அழித்துவிடலாம், எம்பி த்ரீயும் டைப் செய்ததும் போதும் என்று. நியாயம்தான். அந்த ஒரிஜினல்களைத் திறக்கும் மென்பொருளே மூலையில் கிடந்த ஒரே ஒரு பழைய கணினியில்தான் மிச்சம் இருந்தது. பழைய வருடங்களிலிருந்து தொடங்கி அழிக்க ஏற்பாடு செய்தேன். அழித்தவை உடனே போய்விடாது. ஒரு தொட்டியில் சில நாள் கிடக்கும். அந்தக் கெடு முடிந்தால் தானாகக் காலியாகும். பிறகு யாராலும் எடுக்க முடியாது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் அம்மா வந்து நின்றார்கள்.

"சுடலைமணிங்கது யாரு?"

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். டாக்டரின் மனைவி, உலகம்மாள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போன இடத்தில், ஆறுதல் சொல்கிறேன் என்று அண்ணாச்சி, "சார் கொரல் எங்கட்ட பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"இவரு சொன்னாரு. எனக்கு அவுக கொரல் வேணும்" என்றார்கள் அந்த அம்மா. "வீட்ல ஃபோட்டோ கெடக்கு, கல்யாண கேசட் கெடக்கு. அதுல நாயனம்தான் கேக்கு. இவுக பேசுனது ஒண்ணுகூட இல்ல. பேசிக்கிட்டே இருந்த மனுசன்."

கோமதி மேடம் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அம்மா, அது பூராவும் நோயாளிங்க விசயம். ஒருத்தருக்கு என்ன நோவுன்னு இன்னொருத்தர் கேக்கக் கூடாது. சாரே சம்மதிக்க மாட்டாக" என்றார்.

"சம்மதிக்க மாட்டாகதான்" என்று அந்த அம்மா ஒத்துக்கொண்டார்கள். "எங்கட்டயே ஒரு நாளும் சொன்னதில்ல. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆபரேசன்னு நான் அவட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." ஆனால் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

மேடம் அண்ணாச்சியைப் பார்த்த பார்வையில் அண்ணாச்சி விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டைப்பிஸ்டுகள் டாக்டரின் பேச்சுக்கு நடுவே வேறு பேச்சு வந்தால் அதை அடிக்காமல், குறிப்புப் பகுதியில் 'இடையீடு' என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார்கள். அது எங்கள் வழக்கம். அதை வைத்துத் தேடலாம். ஃபோன் பேச்சில் நோயாளி பற்றி ஒன்றும் இல்லையென்றால் கொடுக்கலாமே?

மேடம் கண்ணாடியை ஏற்றினார். அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, மருத்துவமனையின் ஆவணப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டார். நோயாளி பற்றி ஒரு சொல்கூட இல்லாத பகுதியென்றால் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்.

தேடியதில் இடையீடுகள் எவ்வளவோ வந்தன. நர்ஸ் வந்து கேட்டது, லேபிலிருந்து வந்தது, எல்லாம் நோயாளி சம்பந்தம். வீட்டிலிருந்து வந்த அழைப்புகளையும் தள்ளவேண்டியிருந்தது, ஏனென்றால் நடுவில் யாரோ ஒருவரின் சுகர் அளவு வந்துவிடும். முடிவில் சுத்தமாக ஒன்றே ஒன்றுதான் தேறியது. நானும் அண்ணாச்சியும் எம்பி த்ரீயைக் கேட்டோம்.

"சொல்லு உலகு, ஐந்தருவில நல்ல தண்ணியாம், சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சதும் போவோமா, மாவு எங்க போவப் போவுது, சரி சரி கத்தாத, நாளைக்குப் போவோம்."

அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தோம்.

மறுநாள் உலகம்மாள் அம்மா காதில் ஹெட்ஃபோனை மாட்ட மறுத்துவிட்டார்கள், கொண்டை கலைந்துவிடும் என்று. ஸ்பீக்கரில் போட்டோம். முதல் முறை கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்டபோது புருவம் சுருங்கியது.

"கொரல் அவுக கொரல்தான். ஆனா இவுக இப்படி மூச்சுவிடாம பேசுத ஆளு இல்லையே."

"சார் கொஞ்சம் வேகமாத்தான்மா பேசுவாக" என்றார் அண்ணாச்சி.

"எனக்கா சொல்லுதீரு?" என்று திரும்பினார்கள். "நான் பேசுனது எங்க?"

"அது ஃபோன்ல அந்தப் பக்கம்லாம்மா. உங்க கொரல் இதுல விழாது."

"விழாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பேசுன நேரம் எங்கன்னு கேக்கேன். நான் அன்னைக்கு எம்புட்டுப் பேசுனேன் தெரியுமா? அது பூராவும் அவுக சும்மா கேட்டுக்கிட்டு நின்னாக. நடுவுல ஒரு வார்த்த பேசல. இதுல பாத்தா அவுக மட்டும் கடகடன்னு பேசிட்டு வச்சிட்டாப்ல இருக்கு. நான் இல்லவே இல்ல."

மேடம்தான் முதலில் புரிந்துகொண்டார். என்னைப் பார்த்து, "எம்பி த்ரீ செய்யும்போது சத்தமில்லாத இடத்த சிஸ்டம் என்ன செய்யுது?" என்று கேட்டார்.

எடுத்துவிடும். இடத்தை மிச்சப்படுத்த அப்படித்தான் அமைத்திருந்தார்கள், நான் சேர்வதற்கு முன்பிருந்தே. டாக்டர் யோசிக்கும் நேரம், பக்கம் புரட்டும் நேரம், இதையெல்லாம் டைப்பிஸ்ட் எதற்குக் கேட்கவேண்டும்? யாருக்கும் அது குறையாகவே தோன்றவில்லை. அடிப்பவருக்கு அது வசதி. யார் திறப்பார் என்ற கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

மௌனத்தோடு இருப்பது ஒரிஜினல் ஒன்றுதான். அதை நான் அழிக்கப் போட்டிருந்தேன். பட்டியலைப் பார்த்தேன். தொட்டியில் கிடந்தது. அன்று சாயங்காலம் தொட்டி காலியாக வேண்டியது.

மேடம் அப்போதும் அவசரப்படவில்லை. எங்கள் கையில் இருப்பது அழிக்கும் உத்தரவு. மீட்கத் தனி அனுமதி வேண்டும் என்றார். மறுபடி மருத்துவமனைக்கு எழுதினார், ஃபோனும் செய்தார். பொறுப்பாளர் மீட்டிங்கில் இருந்தார். அந்த அம்மா காத்திருந்தார்கள். மதியம் அண்ணாச்சி தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை நீட்ட, "உப்பு கொறச்சல்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"பெறகு மறுநாள் போனீகளாம்மா, ஐந்தருவிக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எங்க. மறுநாள் தண்ணி கொறஞ்சிட்டு. பெறகு அவுகளுக்கு நேரமில்ல, எனக்கு நேரமில்ல. எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸு பிடிச்சு வந்து குளிச்சிட்டுப் போறான். வீட்ல இருந்து நடந்தா போயிரலாம் நாங்க."

அந்த நேரம் என் மாமியார் கூப்பிட்டார். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, பால் குடிக்கவில்லை, வருகிறாயா என்று. "வாரேன் அத்தை" என்றேன். கையில் பையையும் எடுத்துவிட்டேன்.

"நீ போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மேடம்.

"போ தாயி. பிள்ளையப் பாரு. இது இத்தன நாளு கெடந்தது, இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கும்" என்றார்கள் உலகம்மாள் அம்மா.

போகவில்லை. மறுபடி மாமியாரைக் கூப்பிட்டு, ஈரத்துணி வைக்கச் சொல்லி, எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லி, சொன்னது சரிதானா என்று ஃபோனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தையும் பெரிதாக்கிச் சரிபார்த்து, அங்கேயே இருந்தேன். அது பல் முளைக்கும் காய்ச்சல் என்று மறுநாள் தெரிந்தது. அன்று அது தெரியாது. அன்று கிளம்பியிருக்கவேண்டும் என்று ஒரு நாள் தோன்றும், இருந்தது சரி என்று மறுநாள் தோன்றும். மேடத்துக்கும் மீட்கத் தெரியும். நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். ஆனால் அந்த அறையை விட்டு அந்த நேரத்தில் எழுந்துபோக எனக்கு மனமில்லை. அது மட்டும் நிச்சயம்.

அனுமதி வந்தது. அதற்குப் பின் அலுவலகத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பேச்சிக்கு வேண்டியது அதுதான். மேடம் அழிக்கும் வேலையை நிறுத்திவைத்து, எது எதை இழக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினார். பி.டி.எஃப்-இல் திருத்திய வரலாறு போகும், படத்தில் தேட முடியாது, எம்பி த்ரீயில் மௌனம் போகும் என்று. ஒரிஜினல்களை மலிவான வேறு சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பேச்சி, நீ பார்க்கும் மலை அதுதான். புது சிஸ்டத்தில் அதைத் திறக்க வழி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால், ஒரு நொடியும் வெட்டாத இன்னொரு வடிவத்துக்கு மாற்றி, திறந்து கேட்டுவிட்டு, பிறகு யோசி.

அடுத்த வருடம் மகளுக்கு இழுப்பு வந்தது. சாரல் காலத்தில் ஊருக்கே சந்தோஷம், எங்கள் வீட்டில் மட்டும் ராத்திரி மூச்சை எண்ணிக்கொண்டிருப்போம். மாமியாருக்கு முட்டி வலி. வேலையை விடுகிறேன் என்று மேடத்திடம் போய் நின்றேன். அவர் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றி, "ஆயிட்டா, ஆக்கிட்டியா?" என்று கேட்டார். தானாக ஆனதா, நான் ஆக்கியதா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். காலையில் அந்தப் பக்கமாக ஆட்டோவில் போனால் மாடி ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது மேடம் அங்கே இல்லை, மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். இருந்தாலும் பார்ப்பேன்.

அன்று அனுமதி வந்ததும் கோப்பை மீட்டு, மூலையில் இருந்த பழைய கணினியைத் தட்டி எழுப்பினோம். அதற்கு உயிர் வருவதற்குள் அண்ணாச்சி இரண்டு முறை சாமி கும்பிட்டார். மேடம் முதலில் தனியாகக் கேட்டு, எங்கே தொடங்கி எங்கே நிறுத்தவேண்டும் என்று குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து அந்த அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு உலகு" என்றது டாக்டரின் குரல். சின்ன இடைவெளி. "ஐந்தருவில நல்ல தண்ணியாம். சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சதும் போவோமா?"

பிறகு மௌனம். மின்விசிறியின் சத்தம் மட்டும், எங்கள் அறையுடையது அல்ல, அவருடைய அறையில் அன்று ஓடியது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. உலகம்மாள் அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாவு எங்க போவப் போவுது?" என்றார் டாக்டர், சிரிப்போடு. மறுபடி மௌனம், இந்த முறை நீளமாக.

முடிந்ததும், "இன்னொரு தடவ போடு" என்றார்கள். போட்டேன்.

"சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சதும் போவோமா?"

"ஆமா, இன்னைக்குன்னு பாத்து கெளம்புங்க" என்றார்கள் அந்த அம்மா. எங்களிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்து, அடுப்படியில் நின்று சொல்வது போல. "கிரைண்டர்ல மாவு ஓடுது. உங்க தங்கச்சி வீட்ல இருந்து ஆளு வாராக."

"மாவு எங்க போவப் போவுது?"

"அது எங்கயும் போவாது, நான்தான் போவ முடியாது. வருசா வருசம் சீசனுக்கு உங்க சனம் குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்து உக்காருது, நான் தோசை சுடுதேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து நான் எத்தன தடவ குளிச்சேன்னு கேளுங்க. நின்னு ஒருநாள் கேட்டிருக்கீகளா?"

அவர்கள் வாயை மூடினார்கள். அடுத்த கணம் டாக்டர் பேசினார்.

"சரி சரி, கத்தாத. நாளைக்குப் போவோம்."

ஒரு விநாடி முன்னே இல்லை, பின்னே இல்லை. அண்ணாச்சி எழுந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார். நான் மவுஸைப் பிடித்தபடியே இருந்தேன். ஒலிபெருக்கியில் டாக்டர் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினார், "நெக்ஸ்ட் பாரா" என்றார். அதற்கு மேல் வருவது நோயாளியுடையது. கோமதி மேடம் கையை நீட்டி அங்கே நிறுத்தினார்.